பன்னிரண்டாவது வீடு

ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை விடிந்தபோது, கண்மாய்க்கரை அகதி முகாமில் எப்போதும் முதல் ஆளாக எழும்பும் பெயின்டர் அருளப்பு, குழாயடியில் நின்ற ஞானம்மாவிடம் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்க வாயைத் திறந்தார். கேள்விக்குப் பதிலாக, அவருக்குத் தெரியாத ஏதோ மொழியில் நீளமான ஒரு வரி வந்தது, அது முழுதாக வந்து முடிந்த பிறகுதான் தண்ணீரைப் பற்றிக் கேட்க முடிந்தது. பதில் சொல்லப் போன ஞானம்மாவின் வாயிலிருந்தும் வேறொரு வரி வந்தது. பிறகு அவள், "இன்னும் இல்லை அண்ணை" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தண்ணீர் முக்கால் மணி நேரம்தான் வரும், முந்தினவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், மேற்கொண்டு பேசாமல் குடங்களை வரிசையில் வைத்தார்கள்.

மத்தியானத்துக்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறு குடிசைகளில் பதினைந்து பேருக்கு அப்படி வந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, ஒருவர் வரி மற்றவருக்கு இல்லை. தூங்கி எழுந்து பேசுகிற முதல் பேச்சாக அது வரும், சொல்லி முடித்தால் அன்றைக்கு முழுக்கத் தொந்தரவு இல்லை, சொல்லாமல் அடக்கினால் வேறு ஒரு சொல்லும் தொண்டையைத் தாண்டாது. சர்க்கரை வியாதிக்காரருக்குத்தான் வருகிறது என்றார்கள், பிறகு வியாதி இல்லாத ஒருத்திக்கும் வந்திருப்பதைக் கண்டு அதை விட்டார்கள். பாஸ்டர் இது பரிசுத்த ஆவி என்றார். பிள்ளையார் கோயில் பூசகர், அப்படியென்றால் கோயிலுக்கு வருகிற ஆறு பேருக்கு ஏன் வந்தது என்று கேட்டார். மாதாந்தக் கணக்கெடுப்புக்கு வந்த வருவாய் ஆய்வாளர், குடும்ப அட்டையில் தாய்மொழி என்ற இடத்துக்கு மேலே பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டு, "மேலிடத்துல கேட்டுட்டு எழுதுறேன்" என்று மூடி வைத்தார். வரி வராதவர்கள் தங்களுக்கு என்ன குறை என்று மனத்தாங்கல் பட்டார்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் பழகிவிட்டது. காலையில் சேவல் கூவுவதும், குழாய் இருமுவதும், பதினைந்து வாய்கள் பதினைந்து வரிகளைச் சொல்வதும் ஒரே சத்தமாகிவிட்டன.

தவமலருக்கு மட்டும் இரண்டு வரிகள் வந்தன.

அது ஒருவருக்கும் தெரியாது. அவள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறவள், வயது ஐம்பத்தெட்டு, தனியாள். காலையில் எழுந்ததும் முதல் வரியை எல்லோரையும் போல வாசலில் நின்று சொல்வாள். இரண்டாவது வரி தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும்போது குடிசைக்குள் போய், தண்ணீர்ப் பானையின் மேல் குனிந்து, வாயைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அதை அங்கே சொல்வாள். குமிழிகள் வரும். அந்தத் தண்ணீரை அவள் குடிப்பதில்லை, பின்னாலிருந்த முருங்கைக்கு ஊற்றிவிடுவாள். அந்த வரி யாருடையது என்று முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது; எப்படித் தெரிந்தது என்றால், அது வரும்போது அவளுடைய வலது உள்ளங்கை ஈரமாகும்.

அது என்ன மொழி என்று கண்டுபிடித்தவர் டவுன் பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஆலிம்சா. அருளப்பு அவர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருந்தபோது, முந்தின இரவு காய்ச்சல் அடித்ததால் அன்று அதுவரை பேசாமலே இருந்தவர், ஏணியின் உச்சியில் நின்று தன் அன்றைய வரியைச் சொன்னார். கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆலிம்சா கண்ணாடியைக் கழற்றினார்.

"அருளப்பு, இறங்கி வாங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

"தெரியாது ஆலிம்சா. அது தன்பாட்டிலை வரும். விட்டுத்தள்ளுங்கோ."

"இது அரபுய்யா. ஓதுற அரபு இல்ல, வீட்ல பேசுற அரபு." அவர் அதை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தமிழில் சொன்னார்: "இந்த வீட்டுக்குக் கூரை இல்லை, என்றாலும் மழைகூடக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்."

அருளப்பு கையில் சுண்ணாம்பு வடிய அப்படியே நின்றார். முப்பத்து நாலு வருஷமாகப் பத்துக்குப் பத்துக் குடிசையில் இருப்பவர் அவர். "ஆரெண்டாலும், எங்களைத் தெரிஞ்ச ஆள்தான் எழுதியிருக்கு" என்றார்.

ஆலிம்சா விடிகாலைகளில் முகாமுக்கு வந்து, வீடு வீடாக வரிகளை எழுதிக்கொண்டார். ஞானம்மாவினது: "இந்த வீட்டுக்காரி ஒரு கையால் ஒலிவக்காய் ஊறப்போடுகிறாள், மற்றக் கை எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை." தவமலரினது: "இந்த வீட்டில் ஒருத்தி சிவப்பு நூலால் தன் ஊரைச் சட்டையில் தைக்கிறாள், ஊர் முடிந்துவிட்டது, நூல் இன்னும் முடியவில்லை." எழுதி முடித்த வரிகளை அவர், தான் குவைத்தில் பள்ளிவாசல் வேலை பார்த்த காலத்தில் பழகின ஒரு பாலஸ்தீனக் கம்பவுண்டருக்குக் குரல் பதிவாக அனுப்பினார், அவர் இன்னொருவருக்கு அனுப்பினார், அது கைமாறிக் கைமாறி ஒன்பது நாளில் காஸாவில் ஒரு கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஃபாயிஸ் என்ற மனிதர் கூப்பிட்டார்.

அவருடைய தங்கை ருகையா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தங்கள் தெருவைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள், பதினேழு வீடுகள், வீட்டுக்கு ஒரு வரி. அவள் எழுதின தாள்கள் அதற்கு முன்பே இரண்டு தரம் எரிந்துபோயிருந்ததால், இதைத் தாளில் எழுதமாட்டேன் என்று வாயிலேயே வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்களுக்குச் சொல்வாள். ஐப்பசி மாதத்து அந்தப் புதன்கிழமை அந்தத் தெரு முழுவதும் போய்விட்டது. வாயும் போய்விட்டது.

"வரிகள் அவளுடையவைதான்," என்று ஃபாயிஸ் சொன்னதை ஆலிம்சா தமிழில் சொன்னார், முகாமே சுற்றி உட்கார்ந்து கேட்டது. "ஆனால் வீடுகளைக் கலைத்துவிட்டீர்கள். ரொட்டி சுடுகிறவனைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்திருக்கிறீர்கள். என் தங்கை கேட்டால் சிரிப்பாள்."

ஆலிம்சா குடிசை எண் வரிசையில் எழுதியிருந்தார், ஏனென்றால் முகாமில் எல்லாமே குடிசை எண் வரிசைதான். மண்ணெண்ணெய் ஊற்றுவதும், கையெழுத்து வாங்குவதும், செத்தவரைத் தூக்க ஆள் பிடிப்பதும். வேறு வரிசை ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வரிசை குழாயடியில் அகப்பட்டது. ஒரு நாள் காலை அருளப்பு வேலைக்குப் பிந்திவிட்டதென்று ஞானம்மாவின் குடத்துக்கு முன்னால் தன் வாளியை வைத்தார்.

"ஏன் அண்ணை, கடலுக்குள்ளை நடக்கேக்கை எனக்குப் பின்னாலை வந்த ஆள்தானே? குழாயடியிலை மட்டும் முன்னாலையோ?" என்று ஞானம்மா கேட்டாள்.

அருளப்பு வாளியை எடுத்துவிட்டார். பிறகு அப்படியே நின்று, "பிள்ளை, அண்டைக்கு உனக்கு முன்னாலை ஆர் நிண்டது?" என்றார்.

முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்பு மன்னார்க் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு படகின் ஓட்டி, ரோந்துக்குப் பயந்து, பதினேழு பேரைக் கடல் நடுவே இறக்கிவிட்டு, மணல் திட்டு தெரிகிறது, இடுப்பளவு தண்ணீர்தான், நடந்து போங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். தண்ணீர் நெஞ்சளவு இருந்தது. ஒருவரும் அடித்துக்கொண்டு போகாமலிருக்க, கையோடு கை கோத்து ஒரு வரிசையாக நடந்தார்கள். பதினோராவது ஆள் தவமலர். பன்னிரண்டாவது, அவளுடைய ஆறு வயது மகள் வினோ. பதின்மூன்றாவது அருளப்பு; ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் அவருமாகப் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். திட்டில் ஏறியவர்கள் பதினாறு பேர்.

வரி வந்தவர்களில் பதினொரு பேர் அன்று கை கோத்து நடந்தவர்கள்தான்; அந்தக் கை வரிசையில் வரிகளை அடுக்கிப் படித்தபோது மறுமுனையில் ஃபாயிஸ் வீடு வீடாக எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "இதுதான் தெரு" என்றார்.

ஆனால் வந்த பதினாறு பேரில் ஐந்து பேர் இடையில் செத்துப்போயிருந்தார்கள், அவர்களுடைய இடத்துக்கென்று ஃபாயிஸ் சொன்ன வரிகள் அந்தப் படகையே காணாத சிலரிடம் இருந்தன, ஐந்தாவதும் பன்னிரண்டாவதும் ஒருவரிடமும் இல்லை. அதன் காரணத்தைக் கொண்டுவந்தவள் டவுன் பெரியாஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் பஞ்சவர்ணம். அவள் ஒரு மத்தியானம் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு முகாமுக்குள் வந்து நின்றாள்.

"ஏம்ப்பா, இங்க யாருக்கோ காலையில வாய்ல என்னமோ வருதாமே? எனக்கும் ஒரு மாசமா வருதுப்பா. எம் புருசன் பேய்னு சொல்லி வேப்பிலை அடிச்சுட்டான், முதுகெல்லாம் தடிப்பு. இத எங்கன திருப்பிக் குடுக்கணும்?"

அவள் மனப்பாடமாகச் சொன்ன வரி, வரிசையில் ஐந்தாவதாகக் காணாமலிருந்த வரி. ஐந்தாவது ஆள் சின்னத்துரை, போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியில்தான் செத்தார்.

"அந்தப் பெரியவரா?" என்றாள் பஞ்சவர்ணம். "ஒருத்தரும் பக்கத்துல இல்ல. நான் துடைச்சுக்கிட்டு இருந்தேன். கையப் புடிச்சுக்கிட்டாரு. உசுரு போற வரைக்கும் உடல. நானும் உருவிக்கல."

அப்போது மற்றவர்களும் நினைத்துப் பார்த்தார்கள். மருமகள், பக்கத்துக் குடிசைக்காரர், ஒரு தங்கை. செத்தவரின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்த ஆளுக்கு அவருடைய வரி போயிருந்தது. அது நியாயமாகத்தான் இருக்கிறது என்று முகாம் ஏற்றுக்கொண்டது. பஞ்சவர்ணத்துக்கு ஒரு நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள், புருஷனுக்குச் சொல்ல ஆலிம்சாவை அனுப்பினார்கள். தேத்தண்ணி குடித்து முடிகிறதற்குள் எல்லாருடைய கண்களும், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும், அருளப்புவின் பக்கம் திரும்பிவிட்டன.

ஏனென்றால், வினோவின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்தவர் அருளப்பு என்பது முகாமின் சரித்திரம். திட்டில் ஏறிய அன்று மார்பில் அடித்துக்கொண்டு, "என்ரை கைதான், என்ரை கையாலை நழுவிப்போச்சு" என்று கத்தியவர் அவர்தான். அன்றிலிருந்து தலையை நிமிர்த்தி நடந்ததில்லை. கலியாணம் செய்யவில்லை. தவமலரின் குடிசைக்கு வருஷா வருஷம் கீற்று மாற்றுவார், மழைக்கு முன்னால் விறகு கொண்டுவந்து போடுவார், வாசலுக்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டார். தவமலர், பிள்ளையை வேறு படகு தூக்கியிருக்கும், எங்கேயோ இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கெடுப்பில் வினோவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் அதைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

அருளப்பு எழுந்து நின்றார்.

"என்னட்டை ஒரு வரிதான் இருக்கு" என்றார். "ஒரு வரிதான். எல்லாருக்கும் தெரியும். என்னட்டை வரேல்லை." பிறகு, சின்னப் பிள்ளை போலச் சத்தமாக, "அப்ப பிள்ளை இருக்கு! தங்கச்சி, உன்ரை பிள்ளை உயிரோடை இருக்கு! அந்த வரி அவளின்ரை வாயிலைதான் இருக்கு!" என்றார்.

எல்லோரும் அழுதார்கள். தவமலரும் அழுதாள், என்னத்துக்கு அழுகிறாள் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அலை வந்து அருளப்புவின் கால் குழியில் இறங்கி அவருடைய பிடி விட்டது உண்மை. அதற்குப் பிறகும் பிள்ளை தாயின் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் தவமலரின் கண்ணில் அடித்து எரிந்தது. இடது கை ஞானம்மாவிடம் இருந்தது. கண்ணைத் துடைக்க அவள் வலது கையை எடுத்தாள். ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கரையில் அருளப்பு கத்தியபோது அவளுக்குக் குரல் வரவில்லை, அடுத்த நாள் குரல் வந்தபோது அவருடைய பேச்சே எல்லோருடைய பேச்சாகிவிட்டது, அதற்கடுத்த வருஷம் அவளே கொஞ்சம் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

அதன் பிறகு அருளப்பு வேறு ஆளாகிவிட்டார். தலை நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இராமேஸ்வரத்துக்கும் பாம்பனுக்கும் பஸ் ஏறிப் போய், நாற்பது வயதுப் பெண்களிடம், "பிள்ளை, காலமை எழும்பினால் உனக்கு ஏதும் வரி வாறதோ?" என்று கேட்டார். சிலர் விரட்டினார்கள். ஒரு மீன்காரி, "வட்டிதான் வருது" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஆலிம்சாவிடம் அரபு எழுத்துக் கற்றுக்கொண்டு, வேலைக்குப் போகிற வீடுகளில் பிரைமர் அடிப்பதற்கு முன்னால் சுவரில் ஒரு வரியை எழுதிவிட்டு அதன்மேல் வர்ணம் பூசினார். டவுனில் புதிதாகப் பால் காய்ச்சின எத்தனையோ வீடுகளின் இளநீலத்துக்கும் ரோஸுக்கும் அடியில் காஸாவின் ஒரு தெரு இருந்தது, அங்கே படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.

ஃபாயிஸ் படம் வரைகிறவர். தாள் இல்லாததால் நிவாரண மாவு வந்த சாக்குகளைப் பிரித்து, அடுப்புக் கரியால் வரைந்தார். வரிக்கு ஒரு சாக்கு, சாக்குக்கு ஒரு வீடு. ஆலிம்சாவின் கைபேசியில் அவை வந்தபோது முகாம் சனம் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தது. அவரவர் வரியின் வீட்டை அவரவர் தன் வீடு என்றார்கள். பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதெல்லாம், "எங்க, எம் வீட்டக் காட்டுங்க" என்பாள். கூரை இல்லாத வீட்டில் கதவு மட்டும் அவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்டிருந்தது, கைப்பிடியின் நிழல்கூட விழுந்திருந்தது. சிவப்பு நூல்காரியின் வீட்டுக்குக் கரியில் சிவப்புக் கிடைக்காததால், அவர் சாக்கின் வாயைத் தைத்திருந்த சிவப்பு நூலையே உருவி ஊசியால் கோத்திருந்தார். தவமலர் அதை வெகுநேரம் பார்த்தாள். எல்லாம் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர், சாக்கு நூலை அறாமல் பிரித்தெடுத்து வைத்துக்கொள்கிறார்.

பன்னிரண்டாவது சாக்கு வெறுமையாக இருந்தது.

"அது எங்கள் வீடு," என்றார் ஃபாயிஸ். "கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன், செங்கல் எத்தனை என்றுகூடத் தெரியும். ஆனால் என் தங்கை தன் வரியில் அதன் கதவைத் திறந்து வைத்தாளா, சாத்தி வைத்தாளா என்று தெரியாது. தெரியாமல் கோடு போடமாட்டேன். அந்தப் பிள்ளை கிடைக்கட்டும், காத்திருக்கிறேன்."

தவமலர் எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். அது விடிகாலைத் தண்ணீர் அல்ல, ஆனாலும் ஊற்றினாள். ஒருவர் கடலோரம் ஞாயிறு ஞாயிறாகத் தேடிக்கொண்டிருக்கிறார், ஒருவர் கரித்துண்டோடு காத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேருக்கும் வேண்டியது அவளுடைய தொண்டையில் இருந்தது. அதைச் சொன்னால் வினோ செத்துவிடுவாள். சொல்லாதவரைக்கும், முகாம் முழுவதும், அருளப்பு உட்பட, ஆறு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயதாக்கி உயிரோடு வைத்திருந்தார்கள்.

தை மாதத்தில் ஒரு பிற்பகல், ஃபாயிஸ் கூப்பிட்டு, தாங்கள் இருக்கும் இடத்தை நாளைக்குக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சாக்குகளைச் சுருட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் முழுவதையும் கேட்க வேண்டும் என்றார். குழாயடியில் கை வரிசைப்படி உட்கார்ந்தார்கள், செத்தவர்களின் இடத்தில் அவர்களுடைய வரிக்காரர்கள். காலையில் மட்டும் வருகிற வரி அந்தப் பிற்பகலில், கேட்ட உடனே வந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று தெரியாது, அந்த வரிசையில் உட்கார்ந்ததும் கை தானாகப் போனது. தவமலருக்கும் அருளப்புவுக்கும் நடுவில் மட்டும், ஒரு பிள்ளை உட்காரக்கூடிய அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அருளப்பு அந்த இடத்தைத் துண்டால் தட்டித் துப்புரவாக்கியிருந்தார்.

ரொட்டிக்காரன் வீடு, கிணற்று வீடு, சின்னத்துரையின் வரி பஞ்சவர்ணத்தின் குரலில். ஞானம்மா சொன்னாள். தவமலர் தன் வரியைச் சொன்னாள். பன்னிரண்டாவது வீட்டுக்காக எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, ஒரு வரி நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு அருளப்பு தன் வரிக்காக மூச்சை இழுத்தார்.

"நில்லுங்கோ அண்ணை" என்றாள் தவமலர்.

அவள் வாயைத் திறந்தாள், பானை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், அந்த வரி முதல் முறையாகக் காற்றில் வந்தது. குமிழிகளாக மட்டும் கேட்டுப் பழகிய அதன் ஓசை அவளுக்கே புதிதாக இருந்தது. அது சின்ன வரி. எல்லா வரியிலும் சின்னது.

அருளப்புவின் தலை மெல்ல மெல்ல, பழைய இடத்துக்குக் குனிந்தது.

"எப்ப இருந்து, தங்கச்சி?"

"முதல் நாளிலை இருந்து."

"அப்ப பிள்ளை..."

"ஓம் அண்ணை." அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள், உள்ளங்கை நனைந்திருந்தது. "உங்கடை கை விட்டாப் பிறகும் என்னட்டை இருந்தவள். கண்ணைத் துடைக்க நான்தான் எடுத்தனான். நீங்கள் கத்தேக்கை நான் பேசாமல் இருந்திட்டன். முப்பத்து நாலு வருஷம் பேசாமல் இருந்திட்டன்."

ஆலிம்சா கைபேசியைப் பார்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வரியைத் தமிழில் சொன்னார்:

"இது எங்கள் வீடு. கையெல்லாம் மாவு. கதவைச் சாத்தாமல் வந்துவிட்டேன்."

அருளப்பு வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வர்ணக் கறை ஏறி நகமெல்லாம் இளநீலமான கைகளை, யாரோ அடகு வைத்து மறந்துபோன பண்டத்தைத் திருப்பிக் கொடுத்ததுபோல. ஞாயிற்றுக்கிழமை பஸ் இனி இல்லை. அவர் அழவில்லை. அழுதால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் அவர் தான் துப்புரவாக்கின அந்த இடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து, தவமலரின் ஈரக் கையைப் பிடித்தார். ஒரு பிள்ளையின் அகலம் மூடிக்கொண்டது.

பிறகு தன் வரியைச் சொன்னார். கூரை இல்லாத வீடு, கதவைத் தட்டுகிற மழை. அவருக்குப் பின்னால் நாலு வீடுகளும் முடிந்து தெரு முடிந்தது.

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று ஆலிம்சா கைபேசியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் நடுவில் வைத்தார். அதற்குள்ளிருந்து, கரித்துண்டு சாக்கில் உரசுகிற சத்தம் கேட்டது. நீளமாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஃபாயிஸ் பன்னிரண்டாவது வீட்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத் தண்ணீர் வருகிற நேரமாகிவிட்டது, குழாய் இருமியது, குடங்கள் வரிசையில் கிடந்தன, ஒருவரும் எழுந்து போகவில்லை.